இருபத்து நான்கு கிராம் மண்ணெண்ணெய்

கலோரி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். உடம்பு இளைக்க வேண்டும் என்று யாராவது பிஸ்கற் பெட்டியைத் திருப்பித் திருப்பி ‘இதில எத்தனை கலோரி’ என்று பார்த்தால், அதைக் கையிலிருந்து பறித்து எறியலாம் போலிருக்கும். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? என்னுடைய எரிச்சல் பழையது. இடப்பெயர்வுக் காலத்தில், ஒரு குளிர்ப்பெட்டிக்கு மண்ணெண்ணெய் கேட்கப் போய் நானாகத் தேடிக்கொண்டது.

நான் இரசாயனம் படிப்பித்தேன். கிளிநொச்சியில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம் எங்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, மல்லாவிப் பக்கம் ஒரு காட்டோரத்தில், மரங்களுக்குக் கீழே நடந்தது. தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, இப்போது வருடம் குழம்புகிறது. கரும்பலகையை முதிரை மரத்தில் கட்டியிருந்தோம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் சக்தி ஒரு கலோரி, ஒரு கலோரி நான்கு தசம் இரண்டு யூல் என்று எழுதிப் போடுவேன். ‘செய்து காட்டுங்கோ டீச்சர்’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். எதைக் கொண்டு சூடாக்குவது? மண்ணெண்ணெய் அன்றைக்கு மருந்து மாதிரி. விளக்குக்கும் அதுதான், வயலுக்கு இறைக்கிற இயந்திரத்துக்கும் அதுதான், பெற்றோல் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். ‘போத்தலில தண்ணியை விட்டு வெயிலில வையுங்கோ, தானாய்ச் சுடும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வளவில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் கிடுகால் வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். டொக்டர் எப்போதாவது வருவார். மற்றபடி எல்லாவற்றையும் பார்த்தது ஒரு மருத்துவமாது. ஐம்பது வயதை நெருங்கியவர். பிரசவம் பார்ப்பது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, எல்லாம் அவர்தான். ஊரெல்லாம் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும்.

அந்தக் கொட்டிலில் மதிப்பான பொருள் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் குளிர்ப்பெட்டிதான். மின்சாரம் இல்லாத இடத்துக்கென்று செய்தது. அடியில் மண்ணெண்ணெய்த் தாங்கி, அதில் ஒரு திரி, திரியில் எந்நேரமும் எரிகிற ஒரு சின்ன நீலச் சுவாலை. அந்தச் சூட்டில் பின்பக்கக் குழாய்களுக்குள் இருக்கும் திரவம் ஆவியாகிச் சுற்றிவரும், உள்ளே குளிரும். இதை நான் எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன்! ஒருவரும் நம்பவில்லை. அடியில் நெருப்பு வைத்தால் மேலே எப்படி ஐஸ் கட்டும் என்று கேட்டுவிட்டு, நான் ஏதோ பேய்க்காட்டுகிறேன் என்பதுபோலப் பார்ப்பார்கள்.

பெட்டிக்குள், தட்டம்மை என்று சிலர் சொல்லும் சின்னமுத்துக்கான தடுப்பூசி இருந்தது. பெரிய பாடுபட்டு வந்து சேர்ந்த மருந்து. இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். அணைந்து ஒரு பகல் கிடந்தால், அந்த வெயிலில் மருந்து வெறும் தண்ணீர். அதற்குப் பிறகு அடுத்த மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி கிழமைக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வருவாள். கூலிக்கு வயல் வேலை செய்பவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முதல் பிள்ளையை இடம்பெயர்ந்து வந்த வழியில் சின்னமுத்துக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு வயதுப் பையன். அப்போது ஊசியும் இல்லை, ஊசி போட ஆளும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்தால்தான் ஊசி போடலாம். அதுவரை அவள் வந்து, குளிர்ப்பெட்டிக்கு அடியில் குனிந்து சுவாலையைப் பார்த்துவிட்டுப் போவாள்.

“மருந்து இருக்குங்களா மிஸ்ஸி?”

“இருக்குது பிள்ளை. ஏன் பயப்பிடுறாய்?”

“எம்புள்ள ஐப்பசியில பொறந்துச்சுங்க. ஆடி வரைக்கும் எரியுமுங்களா?”

மிஸ்ஸி ஓம் என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, அவள் போன பிறகு, பின்னால் இருந்த பெரிய தகரப் பரலுக்குள் தடியை விட்டுப் பார்ப்பார். கிளிநொச்சியிலிருந்து வரும்போது மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த மண்ணெண்ணெய் அது. தடியில் நனைந்திருக்கும் பகுதி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டு வந்தது.

வன்னிக்குள் மண்ணெண்ணெய் வருவதென்றால் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வவுனியாவுக்கு அப்பால் ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ‘ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு போத்தலும் கொஞ்சமும் தேவை’ என்று மிஸ்ஸி நேர்மையாக எழுதி அனுப்பினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிசி எப்படி எழுதுவது? சாராயப் போத்தல்தான் அப்போது நாடு முழுவதும் மண்ணெண்ணெய்க்கு அளவு. ஆனால் பல கிழமைக்குப் பிறகு கடிதம் திரும்பி வந்தது. போத்தல் என்பது அங்கீகரிக்கப்பட்ட அலகு அல்லவாம். எல்லா எரிபொருளையும் ஒரே முறையில் மதிப்பிடுவதற்காக, தேவையைச் சக்தி அலகில், கலோரியில், குறிப்பிட வேண்டுமாம். அத்தோடு, ‘உங்கள் பிரதேசம் காடு சார்ந்தது என்பதால், சம வெப்பம் தரக்கூடிய விறகை ஏன் பயன்படுத்த முடியாது என்பதையும் விளக்குக.’

மிஸ்ஸி அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நான் படிப்பித்துக்கொண்டிருந்த மரத்தடிக்கு வந்துவிட்டார்.

“டீச்சர், எனக்குப் பிள்ளைப்பேறு பாக்கத் தெரியும். இது என்ன பாசை?”

வாசித்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விறகுக்கும் வெப்பம் உண்டுதான். எரிபொருள் ஒவ்வொன்றுக்கும் கலோரிப் பெறுமானம் என்று ஒன்று உண்டு. ஒரு கிலோ மண்ணெண்ணெய் தரும் வெப்பத்தை ஏறக்குறைய மூன்று கிலோ விறகு தரும். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அரிசியை எரித்தாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் வரும். அதற்காக, அரிசி இல்லாத வீட்டில் பிள்ளைக்கு மண்ணெண்ணெயைப் பருக்குவதா? குளிர்ப்பெட்டிக்கு வேண்டியது, இரவு பகலாய் ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு பெருவிரல் சுவாலை. அதன் அடியில் பாலை விறகுக்கட்டையைச் செருகினால் பெட்டியும் போகும், கொட்டிலும் போகும், மிஸ்ஸியும் போவார்.

இதையெல்லாம் மரியாதையான தமிழில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினேன். மரியாதையாக எழுதத்தான் அதிக நேரம் எடுத்தது. பிறகு கணக்குப் போட்டேன். மாதத்துக்கு இருபத்து நான்கு கிலோ மண்ணெண்ணெய். கிலோவுக்குப் பதினோராயிரம் கிலோகலோரி. ஆக மொத்தம் இரண்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் கிலோகலோரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய பெருக்கல்.

கடிதம் அரச அலுவலகம் ஒன்றின் ஊடாகத்தான் போக வேண்டும். அந்த அலுவலகமும் இடம்பெயர்ந்து, ஒரு வீட்டு விறாந்தையில் இயங்கியது. அங்கே இருந்த பெரிய கிளாக்கர் முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்தவர். கடலில்லாத இடத்தில் இருக்கத் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். தங்கமான மனிதர். ஆனால் தனக்குத் தெரியாதது என்று ஒன்று உலகத்தில் இருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டார். இங்கிலிஷ் தட்டச்சு இயந்திரத்தை ஓடிவந்த அவதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இருந்தது தமிழ் இயந்திரம் ஒன்றுதான். நான் எழுதிக் கொண்டுபோனதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்.

“என்ன டீச்சர், கிலோ எண்டு போட்டிருக்கிறியள்? கலோரியை ஆர் தராசில வைச்சு நிறுத்தது?”

“அது நிறைக் கிலோ இல்லை ஐயா. கிலோ எண்டால் ஆயிரம். ஆயிரம் கலோரி ஒரு கிலோகலோரி.”

“நிவாரணத்துக்கு நான் எத்தினை கடிதம் அடிச்சிருப்பன்! ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் கலோரி. அதில ஒரு இடத்திலயும் கிலோ இல்லை.”

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் தொல்லை. சாப்பாட்டுக் கணக்கில் எல்லோரும் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரியை. இங்கிலிஷில் பெரிய சி போட்டு எழுதினால் அது ஆயிரம், சின்ன சி போட்டால் ஒன்று. அந்த மொழிக்காரர் ஒரு எழுத்தைப் பருப்பித்துத் தப்பித்துக்கொண்டார்கள். அதை அவருக்கு விளங்கப்படுத்தினேன்.

“தமிழில பெரிய க-னா இல்லையே டீச்சர்” என்றார்.

“இல்லைத்தான் ஐயா. அதாலதான் கிலோ எண்டு எழுதவேணும். அதை விட்டால் ஆயிரம் மடங்கு குறைஞ்சிடும்.”

“ஓம், ஓம். விளங்குது. நீங்கள் வகுப்புக்குப் போங்கோ. நான் அடிச்சு அனுப்புறன்.”

மாதா சத்தியமாக அனுப்புவேன் என்று நெஞ்சில் கைவைத்தும் சொன்னார். நான் நம்பிவிட்டு வந்தேன். நான் படி இறங்கியதும், நிவாரணக் கடிதங்களில் இல்லாத ஒரு சொல் தன் அலுவலகத்துக் கடிதத்தில் இருப்பது பிழை என்று அவர் முடிவெடுத்திருக்கிறார். ‘கிலோ’வை ஒரு கோடு கிழித்து எடுத்துவிட்டு, இரண்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் கலோரி என்று அழகாக அடித்து, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

வவுனியாவுக்கு அப்பால் அனுமதி எழுதுகிற அந்த அலுவலகத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள் அல்லர். எரிபொருள் அட்டவணை பார்க்கிறவர்கள். அந்த அட்டவணையில் மண்ணெண்ணெய் கிராமுக்குப் பதினோராயிரம் கலோரி. அதுவும் சரிதான், சின்ன கலோரியில். இரண்டு இலட்சத்து அறுபத்து நாலாயிரத்தைப் பதினோராயிரத்தால் பிரித்தார்கள். மீதி இல்லாமல் பிரிந்திருக்கிறது. மீதி வந்திருந்தாலாவது யாராவது ஒரு கணம் யோசித்திருப்பார்கள். மாதத்துக்கு இருபத்து நான்கு கிராம் மண்ணெண்ணெய் என்று அனுமதி வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்பார்கள். கழுதை தேயவாவது கொஞ்சக் காலம் எடுத்திருக்கும்.

அந்த அனுமதியை எடுத்துக்கொண்டு மிஸ்ஸியும் நானும் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனோம். மனேச்சர் அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதை எதில ஊத்துறது டீச்சர்?”

மிஸ்ஸி பையிலிருந்து மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாசை எடுத்து மேசையில் வைத்தார். அவர் அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனேச்சர் புனலை வைத்தால் புனலே பெரிதாக இருந்தது. கடைசியில் ஒரு கரண்டியால் கோலி ஊற்றினார். ஓர் அவுன்ஸ் நிறைந்தது. குளிர்ப்பெட்டி அதில் முக்கால் மணித்தியாலம் எரியும். ஆனைப்பசிக்குச் சோளப்பொரி. எனக்கு அந்தக் கிளாசை நிலத்தில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. மிஸ்ஸி சேலைத் தலைப்பால் அதை மூடி, ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து தாங்கிக்குள் ஊற்றினார்.

பெரிய கிளாக்கரிடம் நான் கத்தியது விறாந்தைக்கு வெளியே நின்ற ஆட்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவர் முதலில் வாதாடினார். பிறகு, தான் அடித்த பிரதியையும் வந்த அனுமதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் கறுத்துப் போனார். ‘மாதாவே’ என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேலே கத்த எனக்கு மனம் வரவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை.

திருத்தக் கடிதத்தை நானே கையால் இங்கிலிஷில் எழுதினேன். பெரிய சியை ஒரு அங்குல உயரத்துக்குப் போட்டு, சிவப்பு மையால் அடிக்கோடு இட்டேன். அது போய்ப் பதில் வரக் கிழமைக்கணக்காகும். பரலில் தடி விட்டால் நுனிதான் நனைந்தது. குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

“இப்பவே போட்டுவிடுங்கோவன் மிஸ்ஸி. கொஞ்ச நாள் முந்திப் போட்டால் குடியா முழுகும்?”

“முந்திப் போட்டால் பிடியாது டீச்சர். தாயின்ர எதிர்ப்பு இன்னும் இரத்தத்தில நிக்கும், அது மருந்தைக் கொண்டுபோடும். ஊசி போட்டாச்செண்டு அந்தப் பெட்டை நிம்மதியா இருப்பாள். பிறகு பிள்ளைக்கு வருத்தம் வந்தால் நான் அவளுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?”

அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரி விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். மாலைக்குள் எல்லா வேலையையும் முடித்தார். அந்தப் பெண் வழமைபோல வந்து அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு பரலைப் பார்த்தாள். ஒருவரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு இருமல் மருந்துப் போத்தலில் பாதியளவு மண்ணெண்ணெயோடு வந்தாள். அது அவள் வீட்டு விளக்கு எண்ணெய் முழுவதும்.

“வேண்டாம் பிள்ளை. வீட்டில விளக்குக்கு என்ன செய்வாய்?”

“நாங்க பொழுது சாயறதுக்குள்ள ஆக்கித் தின்னுப்புட்டுப் படுத்துக்குவோமுங்க. இருட்டு புள்ளயக் கொல்லாதுங்களே.”

மிஸ்ஸி வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஊசிக்கும் கட்டுக்கும் காத்திருந்த தாய்மார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் போத்தல்கள் வரத் தொடங்கின. ஒருவரும் கூட்டம் வைக்கவில்லை, கோயிலில் அறிவிக்கவில்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு எரிக்கிற விளக்கைத் திரியோடு அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பெரிய கிளாக்கரும் ஒரு போத்தல் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்.

நல்ல மனம்தான். ஆனால் அந்த நல்ல மனத்தோடு நான் பட்ட பாடு! எண்ணெய் நின்று எரியும் என்று ஊர் முழுக்க விளக்குக்குள் உப்புக்கல் போடுவார்கள். சிலர் மண்ணெண்ணெயைப் பெருக்க இலுப்பெண்ணெய் கலந்திருந்தார்கள். முதல் நாளே சுவாலை மஞ்சளாகிப் புகைத்தது. திரியில் கரி பிடித்து, உள்ளே வெப்பமானி ஏறத் தொடங்கியது. இலுப்பெண்ணெய்க்கும் நல்ல கலோரிப் பெறுமானம் உண்டு, அட்டவணையில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் புகைக்கிற சூடு குழாய்க்கு ஏறாது. நான் திரியைக் கத்தரித்து, புகைக்கூட்டைத் துடைத்து, அன்றைக்குப் பின்னேரம் வரை அந்தப் பெட்டியின் முன்னால் முழங்காலில் நின்றேன். எட்டுப் பாகையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு கொண்டுவருகிற ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சொட்டை எடுத்துக் கடதாசியில் விட்டு வெயிலில் வைத்தேன். மண்ணெண்ணெய் என்றால் காய்ந்துவிடும். இலுப்பெண்ணெய் கலந்திருந்தால் கடதாசியில் எண்ணெய்ப் பொட்டு நிற்கும். நின்றால் திருப்பிக் கொடுத்தேன். ‘டீச்சர் தானம் குடுக்கிற மாட்டைப் பல்லுப் பிடிச்சுப் பாக்கிறா’ என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டேன். என் மாணவர்கள் முதன்முதலாக ஒரு செய்முறையைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

மிஸ்ஸி காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து எழுதுவார். அது அவருடைய கடமை. மாதம் முடிய அந்த அறிக்கையை வழமைபோல மற்றக் கடிதங்களோடு பெரிய கிளாக்கர் ஊடாக அனுப்பினார். ஒரு நாள்கூட எட்டுப் பாகையைத் தாண்டவில்லை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்தது. தாய் பிள்ளையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக் கொண்டுவந்தாள். மிஸ்ஸி பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தபோது குளிர் என் கையில் பட்டது. ஊசி ஏறியதும் பிள்ளை வீரிட்டது. தாய் ஒரு பக்கம் சிரிக்கிறாள், ஒரு பக்கம் அழுகிறாள், ‘கத்துடி, நல்லாக் கத்து’ என்கிறாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை மறைக்க என்ன இருக்கிறது? அந்த அலுவலகத்தையும் அதன் அட்டவணையையும் நாங்கள் வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அன்று வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டோம்.

பதில் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெரிய கிளாக்கர் அதைத் தானே சைக்கிளில் கொண்டுவந்தார். வாசலிலேயே சத்தம் போட்டார்.

“மிஸ்ஸி! டீச்சர்! பாராட்டி எழுதியிருக்கினம்! முதல் வரியைத்தான் பாத்தனான், உங்களோட சேந்து வாசிப்பம் எண்டு மடிச்சுக்கொண்டு ஓடியாறன்.”

நான் வாங்கி உரக்க வாசித்தேன். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தியமைக்கு முதலில் பாராட்டு. அலகு பற்றி நான் அனுப்பிய விளக்கம் ஆராயப்பட்டதாம். ‘எனினும், அனுமதிக்கப்பட்ட இருபத்து நான்கு கிராம் மண்ணெண்ணெயில் குளிர்ப்பெட்டி மாதம் முழுவதும் உரிய வெப்பநிலையில் தடையின்றி இயங்கியுள்ளது என்பதை உங்கள் அறிக்கையே உறுதிப்படுத்துகிறது. ஆகவே ஒதுக்கீட்டை அதிகரிப்பதற்குக் காரணம் இல்லை.’

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். இருபத்து நான்கு கிராமில் ஒரு மாதம்! ஒரு மனிதராவது ஒரு தரம் கையில் ஒரு விளக்கைக் கொளுத்திப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு வாய்ப்பாடு தெரிந்திருந்தது, விளக்கு தெரியவில்லை. நான் மிஸ்ஸியின் மீது பாய்ந்தேன்.

“அந்த அறிக்கையை ஏன் அனுப்பினீங்கள்? பெட்டி நிண்டுபோச்சு எண்டு எழுதியிருக்கலாமெல்லோ?”

“நிக்கேல்லையே டீச்சர்” என்றார் அவர். “பிள்ளையளுக்குப் போடுற மருந்து. அதில பொய் எழுதச் சொல்லுறீங்களோ?”

பெரிய கிளாக்கர் என் தோளுக்கு மேலால் கடிதத்தை எட்டிப் பார்த்தார். ‘கீழ இன்னும் இருக்குது, வாசியுங்கோ’ என்றார் மெதுவாக. கடைசிப் பந்தி ஒன்று இருந்தது. ‘மேற்படி அனுபவத்தைக் கருத்திற்கொண்டு, இதே வகைக் குளிர்ப்பெட்டி உள்ள ஏனைய ஆஸ்பத்திரிகளுக்கும் இனிமேல் இதே அளவே அனுமதிக்கப்படும்.’

வெளியே என் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லுவது கேட்டது.

“மற்ற ஆஸ்பத்திரி எண்டால்?” என்று மிஸ்ஸி கேட்டார்.

“பூநகரிப் பக்கம் ஒண்டு இருக்குது மிஸ்ஸி” என்றார் பெரிய கிளாக்கர். “கரைப்பக்கமும் ஒண்டு. அவைக்கு இந்தக் கலோரிச் சட்டம் வர முந்தியே போத்தல் கணக்கில குடுத்துக்கொண்டு வந்தவை. இனி இதுதான்.”

“அங்க சனம் ஐதெல்லோ, அங்கொண்டு இங்கொண்டாத்தானே வீடு. ஆர் விளக்கெண்ணெய் கொண்டந்து குடுக்கிறது?”

நான் இன்னொரு கடிதம் எழுதுவேன் என்றேன், நேரே போவேன் என்றேன், போத்தலையும் திரியையும் அவர்கள் மேசையில் கொண்டுபோய் வைத்துக் கொளுத்திக் காட்டுவேன் என்றேன். எழுதினேன்தான். நேரே போக முடியவில்லை, பாதை பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. மிஸ்ஸி என் சத்தம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு குளிர்ப்பெட்டியின் அடியில் எரிந்துகொண்டிருந்த சுவாலையைப் பார்த்தபடி கேட்டார்.

“அப்ப டீச்சர், நாங்கள் இஞ்ச எரிச்சது அங்கத்தைப் பிள்ளையளின்ர எண்ணெயோ?”

இல்லை மிஸ்ஸி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் நான் எது சொன்னாலும் அவர் நம்புவார். அதனால்தான் எனக்குச் சொல்ல முடியவில்லை.